மருந்து உள்ளே போய்ச் சேர்ந்ததா?

ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்களை அடியோடு கொன்ற மருந்து, நோயாளியின் உடலில் தோற்றுப்போகிறது. மருந்து ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப நேரும் ஏமாற்றம் இது. தட்டில் செல்கள் பாய் விரித்ததுபோல ஒரே அடுக்காகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் மருந்தில் நனைகிறது. உடலில் வளரும் கட்டியோ செல்மேல் செல் நெருங்கிய திரள். அதன் ஆழத்தில் இருக்கும் செல்லை மருந்து தொடுமா என்பதைத் தட்டு சொல்லாது.

இந்தக் குறையைப் போக்கத்தான் ஆய்வகத்திலேயே குட்டிக் கட்டிகளை வளர்க்கிறார்கள். 1971இல் ராபர்ட் சதர்லேண்டும் சக ஆய்வாளர்களும் செல்களை உருண்டையாக வளர்த்து, அதைக் கட்டிக்கு மாதிரியாக முன்வைத்தார்கள். சிறு குழிகளின் அடியில் அகரோஸ் கூழைப் பூசிவிட்டால் செல்களுக்கு ஒட்டிக்கொள்ள இடமிருக்காது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உருண்டையாகிவிடும். பெருங்குடல் புற்றுச் செல்கள் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கடுகளவுக்கு, அதாவது சுமார் 1 மில்லிமீட்டருக்கு வளர்கின்றன.

அந்தக் கடுகுக்குள் மூன்று அடுக்குகள். விளிம்பில் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. ஆக்சிஜன் திசுவுக்குள் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான் ஊடுருவும் என்பதால், அடுத்த அடுக்கின் செல்கள் பெருகாமல் அடங்கிக் கிடக்கின்றன. நடுவில் இருப்பவை மூச்சு முட்டி இறந்தவை. உடலிலுள்ள கட்டியிலும், ரத்தக் குழாயிலிருந்து விலகிய பகுதிகளின் நிலை இதுதான்.

இதற்குள் மருந்து எதுவரை போயிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? ஒளிரும் சாயத்தை மருந்தோடு ஒட்டி அனுப்பலாம்; ஆனால் சாயம் ஏறிய மருந்து தன் இயல்பு மாறிவிடக்கூடும். சாயமே இல்லாமல், மூலக்கூறின் எடையையே அடையாளமாகக் கொள்வது நிறைநிறமாலைப் படமாக்கம்.

உருண்டையை ஜெலட்டினில் பதித்து, உறையவைத்து, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக அறுக்கிறார்கள். லேசர் ஒளியை உறிஞ்சும் ஓர் அமிலத்தை அவற்றின்மேல் தூறலாகத் தெளிக்கிறார்கள். லேசர் பட்ட இடத்தில் அமிலப் படிகம் ஆவியாகிறது. கூடவே திசுவிலுள்ள மூலக்கூறுகளை உடையாமல் அயனிகளாகத் தூக்கிச் செல்கிறது. வெற்றிடக் குழாயில் அவற்றுக்கு ஓட்டப் பந்தயம்: இலேசானது முந்தும், கனத்தது பிந்தும். வந்து சேர்ந்த நேரம் எடையைச் சொல்லிவிடும். இப்படிப் புள்ளி புள்ளியாகச் சீவல் முழுவதையும் அளந்தபின், மருந்தின் எடை தென்பட்ட புள்ளிகளுக்கு மட்டும் நிறமிட்டால் அது சென்ற தடம் படமாகத் தெரியும்.

‘மால்டி’ எனப்படும் இந்த லேசர் உத்தியை 1980களில் ஜெர்மனியின் மைக்கேல் கராஸும் ஃப்ரான்ஸ் ஹில்லென்காம்பும் உருவாக்கினார்கள். 1997இல் ரிச்சர்ட் கேப்ரியோலியின் குழு அதைத் திசுக்களைப் படமாக்கும் கருவியாக்கியது. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அமாண்டா ஹம்மனின் குழு 2011இல் செல் உருண்டைகளை இம்முறையில் படமாக்கியது. 2013இல், பெருங்குடல் புற்றுக்குத் தரப்படும் இரினோடீகான் நேரம் செல்லச் செல்ல அவற்றுக்குள் ஊடுருவுவதைக் காட்டியது.

இரினோடீகானுக்கு மூலமான பொருளை ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தெடுத்து 1966இல் அறிவித்தவர்கள் மன்ரோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும். இந்த மருந்து, நொதிகளால் எஸ்என்-38 என்ற மூலக்கூறாக மாறிய பிறகே முழு வீரியம் பெறுகிறது. மருந்தையும் அதன் மாற்றுருவையும் இக்கருவி எடையாலேயே பிரித்தறியும்: இரினோடீகான் அயனி 587, எஸ்என்-38 அயனி 393.

போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. எஸ்என்-38 முக்கியமாக, டிஎன்ஏவைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் செல்லைத்தான் தாக்கும்; பெருகாமல் அடங்கிய செல் தப்பிவிடலாம். ஆகவே ஒரு மருந்து தோற்றால், அது உள்ளே போகவே இல்லையா, போயும் பலிக்கவில்லையா என்று தெரிய வேண்டும். முன்னது என்றால் மூலக்கூறைத் திருத்த வேண்டும். பின்னது என்றால் அடங்கிய செல்லைத் தாக்கும் துணைமருந்தைத் தேட வேண்டும்.

இந்த உருண்டைகளில் ரத்த ஓட்டம் இல்லை. நோயெதிர்ப்புச் செல்களும் வழக்கமாக இருப்பதில்லை. எனவே இவை உடலுக்கு ஈடாகா. நோயாளியின் கட்டியிலிருந்தே எடுத்த செல்களால் வளர்க்கும் ‘ஆர்கனாய்டு’களையும் இப்போது இதே முறையில் படமாக்குகிறார்கள். ஒரு மருந்து எந்த ஆழத்தில் நின்றுவிடுகிறது என்பதை அந்தக் கடுகிலேயே பார்த்துவிட்டால், அதே தோல்வியை ஒரு நோயாளியின் உடலில் கண்டறிய வேண்டியிருக்காது.