வியர்க்கக் கற்கும் பிள்ளைகள்

மே மாதத்து விடுமுறை நாளில், மதிய வேளையாகப் பார்த்து மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலை சிட்டி சென்டருக்கோ ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்கோ போனால், கைக்குழந்தையும் தள்ளுவண்டியுமாகக் கொரிய, ஜப்பானியக் குடும்பங்களைப் பார்க்கலாம். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது முதல் இப்படிக் குடும்பத்தோடு சென்னைக்குக் குடிவருவோர் பெருகியிருக்கிறார்கள். வெளியே வெயில், உள்ளே ஏசி, அதனால் வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவர்களை விரட்டுவது வெயிலைவிடப் புழுக்கம்தான்.

நண்பகலை ஒட்டிக் கடல்காற்று திரும்பியதும் சென்னையின் வெப்பம் 40 டிகிரியிலிருந்து 35 வரைகூட இறங்கிவிடும். ஆனால் அந்தக் காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தையும் சுமந்து வருகிறது. தோலின் வெப்பமும் ஏறத்தாழ 35 டிகிரிதான். சுற்றிலும் அதே வெப்பம் இருக்கும்போது, உடம்புச் சூட்டை வெளியேற்ற வியர்வை ஆவியாவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போய்விடும். வழிந்து தரையில் சொட்டினால் ஒரு பயனும் இல்லை. தோலிலுள்ள நீராவி அழுத்தம் காற்றிலுள்ளதைவிட எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு வேகமாக வியர்வை காயும். 24 டிகிரியில் பாதியளவு ஈரப்பதத்தோடு இருக்கும் மால் காற்றில் இந்த வித்தியாசம், வெளியே இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கதவைத் தாண்டிய நொடியில் ‘அப்பாடா’ என்று வருவதற்குக் காரணம், சட்டைக்குள் தேங்கி நின்ற வியர்வை சட்டென்று காயத் தொடங்குவதுதான்.

அந்த உலர்ந்த காற்றைத் தயாரிப்பது பெரிய வேலை. கட்டடத்துக்குள் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் குளிர்வித்த தண்ணீர் குழாய்களில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளிக்காற்று அந்தக் குழாய்ச் சுருள்களின் மேல் பட்டு 13 டிகிரிக்கு இறங்கும்போது, ஐஸ் மோர் டம்ளரின் வெளிப்புறம் போலச் சுருள்கள் வியர்க்கின்றன. புழுக்க நாளில் ஒரு கிலோ காற்றிலிருந்து சுமார் 12 கிராம் தண்ணீர் இப்படிப் பிரிகிறது. ஓர் ஆளுக்கு மணிக்கு 20 கனமீட்டர் புதுக்காற்று என்று கணக்கிட்டால், மாலில் நிற்கும் ஒவ்வொருவருக்காகவும் மணிக்குக் கால் லிட்டருக்கும் மேல் தண்ணீர். வெளிக்காற்றிலிருந்து எந்திரம் அகற்றும் வெப்பத்தில் ஐந்தில் மூன்று பங்கு இந்த ஈரத்தைப் பிரிப்பதற்கே போகிறது. சென்னையில் மால் என்பது கடல் ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் ஆலை என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தண்ணீரில் உப்பு கிடையாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டதைப் பார்த்த ஊர், இதில் ஒரு சொட்டைக்கூடச் சாக்கடையில் விடக் கூடாது.

மூடிய, குளிரூட்டிய மாலை உருவாக்கியவரும் அயல்நாட்டில் குடியேறியவர்தான். வியன்னாவின் கட்டடக் கலைஞர் விக்டர் குரூன் 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனார். 1956இல் மினசோட்டாவின் எடைனாவில் அவர் வடிவமைத்த சவுத்டேல் திறக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் 24 டிகிரி. அங்கே தடுக்க வேண்டியிருந்தது முக்கியமாகப் பனியை.

இனி குழந்தைகளுக்கு வருவோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எடைக்கு ஏற்பத் தோல் பரப்பு பெரியவர்களைப்போல் ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு வியர்வைச் சுரப்பியும் பெரியவர்களின் சுரப்பியைவிட மிகக் குறைவாகவே சுரக்கும். ஆகவே சூட்டை வெளியேற்ற, சின்ன உடம்பு தோலுக்கு ரத்தத்தை அதிகம் அனுப்புகிறது. வெயிலில் விளையாடும் குழந்தையின் முகம் செவசெவ என்று ஆவது இதனால்தான். அதே பரந்த தோல் மாலுக்குள் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நனைந்த பனியன் உலர்ந்த குளிர்காற்றில் காயும்போது, பெரியவர்கள் சுகமாக நிற்கும் இடத்திலேயே பிள்ளை நடுங்கத் தொடங்கிவிடும். உள்ளே நுழைந்ததும் துவட்டிவிட்டு வேறு சட்டை போட்டுவிட வேண்டும். பாட்டிகள் சொல்லும் அதே வைத்தியத்துக்குப் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது.

மாலிலேயே கோடையைக் கழித்துவிடலாம் என்றும் இருந்துவிடக் கூடாது. புதிய வெப்பத்துக்கு உடம்பு பழகப் பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும், குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். அந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது. அதில் உப்பு குறைகிறது. இவையெல்லாம் சூட்டில் கொஞ்சமாவது நடமாடினால்தான் நடக்கும். வெயில் தாழ்ந்த பிறகு தி.நகர் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ பிள்ளைகளை ஓடவிடுவதே அதற்கான பயிற்சி.

என்னை மிகவும் வியக்கவைத்தது யாஸ் குனோ என்ற ஜப்பானிய உடலியல் அறிஞர் கண்டது. வாழ்நாளெல்லாம் வியர்வையை ஆராய்ந்த அவர், வேலை செய்யும் சுரப்பிகளை எண்ணிப் பார்த்து 1956இல் நூலாக வெளியிட்டார். ஜப்பானில் வளர்ந்தவர்களிடம் சராசரியாகச் சுமார் 23 லட்சம் சுரப்பிகள் இயங்கின. வளர்ந்தபின் தாய்லாந்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போனவர்களிடம் அது கூடவில்லை. ஆனால் அதே நாடுகளில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர்களிடம் 27 லட்சத்தைத் தாண்டியது. பிறந்து முதல் இரண்டரை ஆண்டுக்குள் எத்தனை சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றனவோ அவையே கடைசிவரை என்றார் குனோ. அவர் எண்ணிய ஆட்கள் கொஞ்சம்தான், கணக்கு இன்றும் விவாதத்தில் இருக்கிறது. அவர் சொன்னது சரியென்றால், ஆறு வயதில் சியோலிலிருந்து வந்த அக்காவும் அடையாறில் பிறந்த தம்பியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தும், தம்பிக்குச் சில லட்சம் வியர்வைச் சுரப்பிகள் கூடுதலாக வேலை செய்துகொண்டிருக்கலாம்.