பங்காளிக் கணக்கு – 14: ஈப்போவில் இருந்துகொண்டே ஊர் வீட்டில் குடியிருப்பவர்கள்

உயில் எழுதாமல் போனவரின் சொத்து இங்கே மலேசியாவில் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி எப்படிப் பிரியும் என்று போன வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த வாரம் பேராக் நில அலுவலகத்துக்குள் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். வாசல்வரை வந்தேன், தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37ஆம் பிரிவு கையைப் பிடித்து இழுத்துவிட்டது.

1955இல் வந்த சட்டம் அது. ஒரு கணக்குப் போடுவோம். சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவி ஓய்ந்து, ஈப்போவில் இருக்கும் ஓர் அக்கா. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் காரைக்குடியில் கட்டிய வீடு இன்றைக்கு 1 கோடி ரூபாய் பெறும். பிள்ளைகள் நால்வர், அக்காவின் பங்கு 25 லட்சம். வீட்டில் இருப்பது தம்பி. பங்கு கேட்டால் ‘பார்க்கலாம் அக்கா’ என்று பல தீபாவளிகளை ஓட்டிவிட்டார். அக்கா பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார்.

‘தம்பி என்னை வெளியே தள்ளிவிட்டான், எனக்கு அந்த வீட்டில் சுவாதீனமே இல்லை’ என்று பிராதில் எழுதினால் 37(1). பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கட்ட வேண்டும், 75,000 ரூபாய். 2017க்கு முன் இது ஏழரை சதவீதம். 1,87,500 ரூபாய் வந்திருக்கும். ‘வீடு எங்கள் எல்லாருடைய அனுபவத்திலும் பொதுவாக இருக்கிறது, என் பங்கைத் தனியே பிரித்துக் கொடுங்கள்’ என்று எழுதினால் 37(2). இதில் சதவீதமே கிடையாது, நிலைக் கட்டணம்தான். நீண்ட காலம் அதன் உச்சம் 200 ரூபாய்.

கோபத்தில் எழுதிய ஒரு வாக்கியத்துக்கு முக்கால் லட்சம்!

நாற்பது வருடமாக அந்த வாசற்படியை மிதிக்காதவர் எப்படி அனுபவத்தில் இருப்பார் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சட்டத்தின் பதில் என்னை இந்த வாரம் முழுக்கச் சிரிக்க வைத்தது. கூட்டுப் பங்காளிகளில் ஒருவர் சுவாதீனத்தில் இருந்தால் எல்லாரும் இருப்பதாகவே பொருள். தம்பி திண்ணையில் சாய்ந்தால் அக்காவும் சாய்ந்திருக்கிறார். ஈப்போவில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தாலும் சரி.

இதை உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது நீலாவதி எதிர் நடராஜன் வழக்கில். 1980ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. அதுவும் இதே 37ஆம் பிரிவைப் பற்றித்தான். வருமானத்தில் பங்கு வரவில்லை, இனிச் சேர்ந்திருக்க முடியாது என்று வாதிகள் எழுதியிருந்தார்கள். அப்படியானால் நீங்கள் வெளியேற்றப்பட்டவர்கள், மதிப்புக்கேற்ற கட்டணத்தைக் கட்டுங்கள் என்றார்கள் கீழே. வருமானம் தராததும் வெளியேற்றியதும் ஒன்றல்ல என்றது உச்ச நீதிமன்றம். பிராதை முழுதாகப் படித்து, அதில் சொன்னதை வைத்தே கட்டணத்தை முடிவு செய்ய வேண்டும்; எதிராளி என்ன பதில் போட்டார் என்பது அந்தக் கணக்கில் சேராது.

இதே விதி தூரதேசத்துப் பங்காளிக்கு ஒரு காவலும் தருகிறது. தம்பி எத்தனை வருடம் இருந்தாலும், இருந்ததாலேயே வீடு அவருடையதாகிவிடாது. ‘உனக்குப் பங்கே இல்லை’ என்று வெளிப்படையாக மறுத்து, அதன்பின் 12 வருடம் ஓட வேண்டும். ஆகவே தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். அந்த மறுப்பு என்றைக்கு வந்தது என்பதில்தான் வழக்கே நிற்கலாம். மறுப்பு நிஜமாகவே வந்திருந்தால், குறைந்த கட்டணத்துக்கு ஆசைப்பட்டுக் கூட்டு அனுபவம் என்று எழுதச் சொல்லும் வக்கீலை நான் நம்ப மாட்டேன். பிராதின் அடியில் ‘உண்மை’ என்று கையெழுத்துப் போடுவது அக்கா.

75,000 கட்டியவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நீதிமன்றம் அனுப்பிச் சமரசம் ஆனால் 69ஏ பிரிவின்படி கட்டணம் திரும்பும். தாங்களாகவே வெளியில் பேசி முடித்தாலும் திரும்ப வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை மேலே கொண்டுபோனது சென்னை உயர் நீதிமன்றமே.

ஈப்போ என்றதும் இன்னொன்று. ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு செட்டியார் நிறுவனத்தை வருமான வரித்துறை இந்திய உச்ச நீதிமன்றம்வரை இழுத்தது. அந்தத் தோட்ட வருமானம் 88,424 ரூபாய். இரட்டை வரி ஒப்பந்தத்தைக் காட்டி, இந்தியாவில் வரி கிடையாது என்று 2004இல் தீர்ப்பானது. மரம் நிற்கும் மண்தான் வரியைத் தீர்மானித்தது. பங்குப் பிரச்சினையிலும் அப்படித்தான்: ஈப்போ நிலத்தைக் காரைக்குடி நீதிமன்றம் பிரித்துத் தர முடியாது. இரண்டு பக்கமும் சொத்து இருந்தால் இரண்டு பக்கமும் ஓட வேண்டும்.

பக்கம் முடியப்போகிறது, நில அலுவலகம் அப்படியே இருக்கிறது. இங்குள்ள சிறு சொத்துப் பகிர்வுச் சட்டமும் அதே 1955இல் வந்ததுதான். நிலம் சேர்ந்த சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்து, உயிலும் இல்லையென்றால், 2024 முதல் நீதிமன்றப் படி ஏறாமல் அங்கேயே பகிரலாம். ஆனால் விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்குக் கீழே துண்டு போட முடியாது. ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஒற்றை ஏக்கருக்கு ஆறு வாரிசு என்றால் என்ன செய்வது, தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960இல் மாதம் 10 வெள்ளி வசூலித்துத் தோட்டம் வாங்கக் கிளம்பிய சுங்கை சிப்புட் சம்பந்தனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் வீட்டில் இருக்கும் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, எடுத்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.