கையிலே ஃபோன் இருக்க, கேமரா எதற்கு?

அடுப்பில் பால் பொங்குகிற நேரம். பக்கத்து வீட்டுப் பெண் கையில் ஃபோனோடு வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

“அக்கா, இதைப் பாருங்களேன். நேத்து ஸ்கூல் ஆண்டு விழாவில எங்க குட்டி ஆண்டாள் வேஷம் போட்டா. கொண்டை, மாலை, கையில கிளின்னு ரெண்டு மணி நேரம் அலங்காரம் பண்ணினேன். போட்டோவில ஒண்ணுமே தெரியலே!”

வாங்கிப் பார்த்தேன். மேடை தெரிந்தது, விளக்குகள் தெரிந்தன. ஆண்டாள் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும், மழையில் கரைந்த கோலம் மாதிரி ஏதோ ஒன்று!

“நீ எங்கே உட்கார்ந்திருந்தே?”

“பதினஞ்சாவது வரிசை. விரலால நல்லாப் பெரிசாக்கித்தான் எடுத்தேன். இப்ப இவர், ‘ஒரு சின்னக் கேமரா வாங்கிடலாம்’கிறார். அத்தையோ, ‘இத்தனை பணம் போட்டு வாங்கின ஃபோன்ல இல்லாத கேமராவா?’ங்கறாங்க. நீங்க சொல்லுங்கக்கா.”

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எப்போது எது என்று தெரிந்துகொண்டால் வீண் செலவும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை.

அருகில் என்றால் ஃபோன்

1997 ஜூன் 11. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா குரூஸ் நகரம். பிலிப் கான் என்ற கம்ப்யூட்டர் நிபுணரின் மனைவிக்குப் பிரசவ நேரம். மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு டிஜிட்டல் கேமரா, ஒரு செல்ஃபோன், ஒரு லாப்டாப் மூன்றையும் ஒயரால் இணைத்தார். பிறந்த மகளின் படம் அங்கிருந்தே 2,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தது!

அந்த மூன்று சாமான்களின் வேலையையும் இன்று நம் ஃபோன் ஒன்றே செய்கிறது. குழந்தை முதல் அடி எடுத்து வைக்கிறபோது பீரோவைத் திறந்து கேமராவைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஃபோன்தான் கையில் இருக்கும். நாம் ஒரு தடவை அழுத்தினால் அது சில படங்களை அடுத்தடுத்து எடுத்து, நல்லதை எல்லாம் சேர்த்து ஒரே படமாக்கித் தருகிறது. வீட்டுக்குள், ஜன்னல் ஓரம், நாலைந்து அடி தூரம் என்றால் இதுவே தாராளம். 2010-ல் உலகெங்கும் 12 கோடிக்கும் மேல் விற்பனைக்குப் போன டிஜிட்டல் கேமரா, 2023-ல் 80 லட்சத்துக்கும் கீழே இறங்கியதற்குக் காரணம் இந்த ஃபோன்தான்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். தேங்காய் எண்ணெய்க் கை, மாவுக் கை எல்லாம் படுவது ஃபோனின் லென்ஸில்தான். எடுக்கும் முன் மெல்லிய பருத்தித் துணியால் ஒரு தடவை துடையுங்கள். பாதி மங்கல் போய்விடும்.

தூரம் என்றால் கேமரா

விரலால் பெரிசாக்கும்போது சாதாரண ஃபோன் என்ன செய்கிறது தெரியுமா? படத்தின் நடுவை வெட்டி, இழுத்துக் காட்டுகிறது. ஓர் உருண்டை மாவை எவ்வளவு பெரிசாகத் தேய்த்தாலும் மாவு கூடுமா? அப்பளமாக மெலிந்துதான் போகும்!

ஜூம் கேமராவில் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் கண்ணாடி வில்லைகளே முன்னும் பின்னும் நகர்ந்து, தூரத்து முகத்தை உண்மையாகவே பெரிதாக்குகின்றன. விலை உயர்ந்த ஃபோன்களில் 3 மடங்கு, 5 மடங்குக்குத் தனி லென்ஸ் உண்டு. பயணத்துக்கென்று வரும் சின்னக் கேமராக்களிலோ 30, 40 மடங்குகூட இருக்கிறது.

இரண்டாவது, ஃப்ளாஷ். ஃபோனில் இருப்பது டார்ச் விளக்கு மாதிரி. கேமராவின் ஃப்ளாஷ் கண் சிமிட்டும் நேரத்துக்குள் பளீரென்று வெட்டுவதால், ஓடுகிற குழந்தையும் அசையாமல் விழும். ஆனால் அதன் வீச்சு சில மீட்டர்தான். பதினைந்தாம் வரிசையிலிருந்து ஃப்ளாஷ் போட்டால், முன்னால் இருப்பவர் தலைதான் பளிச்சென்று வரும்!

கடைக்குப் போகுமுன்

“எத்தனை மெகாபிக்சல்?” என்று மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். ஆல்பத்தில் ஒட்டும் 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலே போதும்! சில ஆயிரம் ரூபாய்க்கு ‘48 மெகாபிக்சல்’ என்று வரும் பல கேமராக்களில் அந்த எண் கணக்குக் கூட்டிக் காட்டுவதுதான். படம் உங்கள் ஃபோன் அளவுக்குக்கூட வராது.

கேட்க வேண்டியவை இரண்டு. ‘ஆப்டிகல் ஜூம்’ எத்தனை மடங்கு? உள்ளே ஒளியை வாங்கும் ‘சென்சார்’ எத்தனை பெரியது? 30 மடங்கு ஜூம் உள்ள சின்னக் கேமராக்களில் சென்சார் அகலம் 6 மில்லிமீட்டர் சுமார்தான். மங்கிய ஹாலில் படம் புள்ளி புள்ளியாக வரலாம். 2012-ல் ஆரம்பித்த ஸோனி ஆர்எக்ஸ்100 வரிசை போன்றவற்றில் அகலம் 13 மில்லிமீட்டர். படம் தெளிவு, ஆனால் ஜூம் குறைவு, விலையும் அதிகம். இரண்டும் ஒன்றாய்க் கிடைப்பது அபூர்வம். வருஷத்துக்கு ஒரு விழாவுக்காக என்றால், வாங்குவதைவிட உறவுக்காரர் வீட்டில் தூங்கும் ஜூம் கேமராவை இரவல் கேட்பது புத்திசாலித்தனம்.

தாய்மார்கள் கவனிக்க

ஃப்ளாஷ் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். ஃப்ளாஷ் படத்தில் குழந்தையின் கண்மணி சிவப்பாகத் தெரிவது சகஜம். ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், அசட்டையாக இருக்காதீர்கள். குழந்தை பக்கவாட்டில் பார்த்ததாலும் அப்படி வரும்; பயந்துவிட வேண்டாம். ஆனால் கண்புரை, விழித்திரையில் வரும் புற்றுநோய் ஆகியவற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல சமயம் பார்வையையும் காப்பாற்றலாம்.

எடுத்த படம் எங்கே?

என் நாத்தனாரின் ஃபோன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. மகனின் முதல் வருஷப் படங்கள் அத்தனையும் அதோடு போயின. ஆனால் எங்கள் அப்பா ஆக்ஃபா கிளிக் கேமராவில், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தவை இன்றும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன!

ஆகவே ஃபோனோ கேமராவோ, மாதம் ஒரு நாள் படங்களை வேறோர் இடத்திலும் ஏற்றி வையுங்கள். நல்லதாகப் பத்துப் படத்தைப் பிரிண்ட் போடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். பிரிண்டுக்கு என்றால் ‘டாகுமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

சரி, பக்கத்து வீட்டு ஆண்டாள் என்ன ஆனாள்?

“கேமரா அப்புறம் பார்க்கலாம். வேஷத் துணி இன்னும் உன்கிட்டதானே இருக்கு? சாயங்காலம் மொட்டை மாடிக்கு வா” என்றேன்.

இளவெயிலில், நாலடி தூரத்தில், அதே ஃபோன்தான். கொண்டை, மாலை, கிளி, விழுந்த பல்லோடு ஒரு சிரிப்பு! இப்போது அந்தப் படம் அவர்கள் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஆண்டாளின் பக்கத்தில் அவள் அம்மாவும் நிற்கிறாள். வீட்டுப் படங்களில் அம்மா இருப்பதே அபூர்வம் அல்லவா? அவள்தானே எப்போதும் எடுப்பவள்!

அன்றைக்குப் படம் எடுத்தது யார் தெரியுமா? அவளுடைய மாமியார்தான்!