சாக்கெட் ஒன்றுதான், ஆனாலும் ஓடாது

இன்டெல் தன் எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களை 2017 அக்டோபரில் வெளியிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறைகளில் இருந்ததைப் போலவே இவற்றின் அடியிலும் 1151 தொடுபுள்ளிகள். பழைய மதர்போர்டில் வைத்தால் கச்சிதமாக உட்காரும், ஆனால் கணினி கிளம்பாது. கோர்கள் கூடியதால் மின்சாரமும் கூடுதலாக வேண்டியிருந்தது. அதற்காக, சும்மா விட்டிருந்த சில புள்ளிகளை இன்டெல் மின் இணைப்புகளாக மாற்றியிருந்தது. 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு கட்டாயம் என்றும் அறிவித்துவிட்டது. பின்னர் ஆர்வலர்கள் சிலர் பயாஸைத் திருத்தி, பழைய போர்டுகளிலேயே அந்தப் பிராசசர்களை ஓட்டிக் காட்டினார்கள். ஆக, தடையில் ஒரு பகுதிதான் மின்பொறியியல். மற்றது நிறுவனத்தின் முடிவு.

புதிய தலைமுறை வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் பலரும் சாக்கெட்டின் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பணம் வீணாகலாம். மின்சாரம் வந்தவுடன் பிராசசர் தேடுவது, மதர்போர்டில் ஒட்டியிருக்கும் சிறிய ஃப்ளாஷ் சிப்பில் உள்ள பயாஸை. ராமை எப்படித் தயார் செய்வது, கிராஃபிக்ஸ் கார்டோடு எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அந்தந்தப் பிராசசர் குடும்பத்துக்கென்று தனி நிரலாக அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். போர்டு தயாரானபோது பிறக்காத பிராசசருக்கு அந்த நிரல் எப்படி இருக்கும்? பயாஸைப் புதுப்பித்தால்தான் வரும்.

இந்தச் சிறிய சிப் எவ்வளவு பெரிய சிக்கலை உண்டாக்கும் என்பதை ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டின் கதை காட்டுகிறது. 1331 துளைகள் கொண்ட அந்தச் சாக்கெட்டில் முதல் ரைசன் பிராசசர்கள் 2017 மார்ச்சில் வந்தன. 2018, 2019 என்று அடுத்தடுத்த தலைமுறைகளும் அதிலேயே பொருந்தின. அப்போது பல போர்டுகளில் இருந்தது 16 மெகாபைட் ஃப்ளாஷ் சிப். ஒவ்வொரு தலைமுறைக்கும் நிரல் சேரச்சேர இடம் தீர்ந்தது. சில போர்டுகளில் பயாஸின் அழகான திரையை எடுத்துவிட்டு எளிய திரையை வைத்தார்கள். பழைய பிராசசர்களுக்கான நிரலையும் நீக்கினார்கள். எம்எஸ்ஐ நிறுவனம் 32 மெகாபைட் சிப் பொருத்தி, ‘மேக்ஸ்’ என்ற பெயரில் போர்டுகளை மறுபடியும் வெளியிட்டது.

2020 மே மாதம் ஏஎம்டி, அடுத்து வரவிருந்த ரைசன் 5000 பிராசசர்கள் பி450, எக்ஸ்470 போர்டுகளில் ஓடாது என்றது. காரணமாகச் சொன்னது இந்த இடப் பற்றாக்குறையைத்தான். அடுத்த தலைமுறைக்கும் உதவும் என்று நம்பி அந்தப் போர்டுகளை வாங்கியிருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாதத்திலேயே ஏஎம்டி முடிவை மாற்றிக்கொண்டது. 2017-இல் வந்த ஏஎம்டியின் 300 வரிசை போர்டுகளுக்கும் 2022-இல் அதிகாரபூர்வ அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, 96 மெகாபைட் எல்3 கேஷ் கொண்டு, பழைய கணினிகளைக்கூட விளையாட்டுகளில் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. ஐந்தாண்டு பழைய போர்டைக் குப்பையில் போடாமல் ஒரே ஒரு பாகத்தை மாற்றி இவ்வளவு வேகம் பெற முடிந்ததை, வாங்குபவர்கள் குரல் கொடுத்துப் பெற்ற வெற்றியாகவே நான் பார்க்கிறேன்.

ஆகவே வாங்கும் முன் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில், உங்கள் போர்டின் சரியான மாடலுக்கு உரிய பிராசசர் பட்டியலைத் திறந்து பாருங்கள். எந்தப் பிராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று அதில் இருக்கும். பழைய பிராசசர் பொருந்தியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் சிரமம். பிராசசரே இல்லாமல் யுஎஸ்பி டிரைவிலிருந்து பயாஸை ஏற்றிக்கொள்ளும் வசதி சில போர்டுகளில் மட்டும் உண்டு. விண்டோஸில் வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கினால் மீட்புச் சாவியையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் பெரும்பாலும் பிராசசரோடு சேர்ந்தே இருப்பதால், பிராசசர் மாறியதும் கணினி மீட்புச் சாவியைக் கேட்கும்.

சாக்கெட்டே மாறினால் கணக்கு வேறு. ஏஎம்டியின் ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ 1851 இரண்டிலும் டிடிஆர்5 ராம் மட்டுமே ஓடும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 புள்ளிகள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. இன்டெலின் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளுக்கு மட்டும் டிடிஆர்4 போர்டு, டிடிஆர்5 போர்டு என இரண்டு வகையும் விற்றன. கூலரையும் மறக்கக் கூடாது. 2021-இல் எல்ஜிஏ 1700 வந்தபோது இன்டெல் திருகுத் துளைகளுக்கு இடையிலான தூரத்தை 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆக்கியது. பழைய கூலர்களுக்குப் புதிய பிடிமானம் தேவைப்பட்டது. ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை ஏஎம்5-இலும் பொருந்தும்.

ஏஎம்5 வந்தது 2022 செப்டம்பரில். ரைசன் 7000-க்குப் பின் 2024-இல் ரைசன் 9000-உம் அதே சாக்கெட்டில் வந்தது. 2027-க்கும் அப்பாலும் இதற்கு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று ஏஎம்5 போர்டு வாங்குபவர்கள் யுஎஸ்பி பயாஸ் வசதி இருக்கிறதா என்பதோடு, ஃப்ளாஷ் சிப்பின் கொள்ளளவையும் கேட்டு வாங்கலாம். சில புதிய போர்டுகளில் அது 64 மெகாபைட்.