கையுறை கிழியுதா? மட்டையின் பிடியைப் பாருங்க!

'ஹாக்கி மட்டைக்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கத் தோன்றும். கோவில்பட்டிப் பக்கம் வைத்தியம் பார்க்கிறவனிடம் மட்டும் அப்படிக் கேட்டுவிடாதீர்கள்! இங்கே விடியற்காலையில் பால்காரருக்கு முன்னால் தெருவில் போவது, மட்டையைத் தோளில் மாட்டிய பிள்ளைகள்தான். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர்ப் பிள்ளை. அதனால் சளி, இருமல், மூட்டுவலிக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்ப்பது பிள்ளைகளின் உள்ளங்கையைத்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் அம்மா முழங்கால் வலி என்று வந்தார். கூடவே பதினான்கு வயசு மகன். மருந்தை வாங்கிக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில் சொன்னார்:

"இவனைக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்கய்யா. எலி கடிச்ச மாதிரி கிளவுஸைக் கிழிச்சிட்டு வாறான். ஆறு மாசத்துல இது மூணாவது. நானும் ஊசி நூலெடுத்துத் தச்சுத் தச்சுப் பார்த்துட்டேன்."

பையன் பேசாமல் நின்றான். இடது கையை மட்டும் கால்சட்டைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. எனக்குச் சந்தேகம்.

"கையைக் காட்டு தம்பி."

"ஒண்ணுமில்ல சார்."

ஒண்ணுமில்லாத கையா அது! சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை மேட்டில், மஞ்சள் பாரித்த தடித்த காய்ப்பு. அதற்கு அடியில் கொப்புளம் கட்டி, உடைந்து, சீழ் வைத்திருந்தது. சிவப்பு மணிக்கட்டைத் தாண்டி ஏறத் தொடங்கியிருந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. மாவட்ட அணித் தேர்வு வருகிறதே என்று ஒரு வாரமாக யாரிடமும் சொல்லாமல் கையுறைக்குள் மறைத்து வைத்திருக்கிறான். அந்த அம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காய்ப்பு அவ்வளவு கெட்டியானதில் எனக்கும் பங்கு உண்டு. அதற்கு ஒரு வருஷம் முன்னால் இதே பையன் சாதாரணக் கொப்புளத்தோடு வந்தான். 'தோல் உரம் பெறட்டும்' என்று கடுக்காய்க் கஷாயத்தில் தினமும் கையை ஊற வைக்கச் சொல்லி அனுப்பினேன். கடுக்காய் துவர்ப்பு, துவர்ப்பு தோலை இறுக்கும். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த பாடம்தான். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடுகிறவர்களும் இதே துவர்ப்புக்காகத்தானே கடுக்காயையும் ஆவாரம் பட்டையையும் பயன்படுத்தினார்கள்! உயிருள்ள பிள்ளையின் கையை நான் மாட்டுத்தோல் மாதிரி பதப்படுத்தச் சொல்லியிருக்கிறேன். மேல்தோல் பலகை மாதிரி இறுகிவிட்டால் அது தேயாது. அடியில் இருக்கிற இளந்தோல்தான் இழுபட்டுக் கொப்புளிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலி மட்டும் உயிர் போகும்.

அன்றைக்கே அவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். சிவப்பு ஏறி, காய்ச்சலும் இருக்கும்போது தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஊசி, மாத்திரை, பத்து நாள் ஓய்வு. கை பிழைத்தது. தேர்வு போய்விட்டது. 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று பெரியவர்கள் நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பதினான்கு வயசில் ஒரு வருஷம் என்பது எவ்வளவு நீளம்!

புண் ஆறிய பிறகு அவனை அந்தக் கிழிந்த கையுறையையும் மட்டையையும் எடுத்து வரச் சொன்னேன். கையுறையை அவன் கையில் மாட்டிப் பார்த்தால், ஓட்டை இருந்த இடமும் புண் இருந்த தழும்பும் ஒரே இடம்! கையுறை மூன்று முறை அதே இடத்தில் கிழிந்து கத்தியிருக்கிறது. நாங்கள் யாரும் காது கொடுக்கவில்லை. அம்மா தைத்துக்கொண்டே இருந்தார். நான் கையை ஊற வைத்துக்கொண்டே இருந்தேன்.

மட்டையைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டிச் சுற்றி, அதன் மேல் சொரசொரப்பான துணி டேப்பை நாலைந்து அடுக்கு ஒட்டியிருந்தான். உச்சியில் டேப்பின் ஓரம் காய்ந்து ரம்பப்பல் மாதிரி நின்றது.

இரண்டு கை, இரண்டு வேலை

ஹாக்கி ஆடத் தெரியாத அம்மா அப்பாவுக்காக ஒரு சின்ன விளக்கம். மட்டையின் உச்சியைப் பிடிப்பது இடது கை. பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிக்கொண்டு போகும்போது மட்டையைத் திருப்புவது இந்தக் கைதான். வலது கை கீழே இருக்கும். அது வழி காட்டும், தாங்கும். இடது கை மட்டையைத் திருப்பும்போது வலது கைக்குள் மட்டை தாராளமாகச் சுழல வேண்டும். தேவைக்கு ஏற்ப வலது கை மேலும் கீழும் நழுவும்.

ஆக, மேலே நழுவாத பிடி வேண்டும். கீழே நழுவுகிற பிடி வேண்டும். நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? 'நல்லா ஒட்டுது' என்று கடையில் பசை மாதிரி இருக்கிற கிரிப்பை வாங்கி உச்சியிலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுற்றிவிடுகிறார்கள். கீழே மட்டை சுழலும்போதெல்லாம் வலது உள்ளங்கை இழுபடுகிறது. கையுறை இருந்தால் கையுறை தேயும். இல்லையென்றால் தோல் தேயும். அவ்வளவுதான் சூத்திரம்.

எந்த கிரிப் வாங்கலாம்?

துணி டேப் மலிவு. பிடிப்பும் உண்டு. ஆனால் அதன் நெசவு உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். மணல் தூவிய செயற்கைப் புல்லிலோ, நம் சரளைத் தரையிலோ ஆடினால் தூள் அந்த நெசவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அசல் உப்புத்தாளேதான்! வெறும் ரப்பர் நாடாவும் வேண்டாம். அது கையுறையை விடாமல் கவ்வி இழுக்கும்.

டவல் கிரிப் என்று பூந்துவாலை மாதிரி ஒன்று வருகிறது. கை அதிகம் வியர்க்கிற பிள்ளைகளுக்கு அது சுகம், வியர்வையை உறிஞ்சும். ஆனால் தண்ணீர் தெளித்த மைதானத்தில் ஈரத்தைக் குடித்து ஊறிவிடும். அழுக்கும் சேரும். வாரம் ஒருமுறையாவது கழற்றி அலச முடியுமானால் வாங்குங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். வீட்டு வேலைக்கு நடுவில் அம்மாக்கள் தலையில் இன்னொரு துவைப்பைக் கட்டுவானேன்?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்வது, மான்தோல் மாதிரி மெத்தென்று இருக்கும் ஷாமி ரகச் செயற்கை கிரிப். வழவழப்பும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. ஈரம் பட்டாலும் பிடிப்பு இருக்கும். மேடு பள்ளம் வைத்த கிரிப்புகள் பார்க்க அழகு. ஆனால் அந்த மேடுகள் கையுறையின் உள்ளங்கையில் வரி வரியாகத் தேய்மானம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பழகுகிற வயசில் தட்டையான கிரிப் போதும்.

கடையில் வாங்கும்போது தடிமனையும் பாருங்கள். இடது கையால் உச்சியைப் பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கையில் வந்து குத்தினால் பிடி மெலிவு. பிள்ளை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிப்பான். முன்கை வலிக்கிறது என்று வருகிற பையன்களில் பலர் இந்த ரகம். கை வளைந்து சுற்றிப் போகாமல் விறைத்து நின்றால் பிடி தடிப்பு, திருப்பவே வராது. 'பஞ்சு மாதிரி இருக்கட்டும்' என்று மூன்று கிரிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுவதும் தப்பு. விளையாட்டு விதியிலேயே அளவு இருக்கிறது: சுற்றிய பிடியோடு சேர்த்து மட்டை முழுவதும் 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைய வேண்டும், எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது.

புதிய கிரிப் கையுறையைத் தின்னுமா தின்னாதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. பழைய பனியன் துணியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, மட்டையை அழுத்திப் பிடித்து ஐம்பது தடவை திருப்பச் சொல்லுங்கள். துணியில் பஞ்சு பறந்தால், அந்த கிரிப் கையுறையையும் அப்படித்தான் பிய்க்கும்.

சுற்றுவதிலும் சூட்சுமம் இருக்கு. பழைய கிரிப்பையும் அதன் பசையையும் முழுக்க எடுத்துவிட்டுச் சுற்றுங்கள். ஒரு சுற்றின் ஓரம் அடுத்த சுற்றின் மேல் நூலளவு ஏறினால் போதும். அதிகம் ஏறினால் அதுவே மேடு. முடிவில் ஒட்டுகிற டேப், வலது கை வந்து போகும் இடத்துக்குக் கீழே முடியட்டும். உச்சி முனையில் பிசிறு, மடிப்பு, உரிந்த ஓரம் எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் பையனைப் படுத்தியது அந்த உச்சிதான். சுண்டுவிரல் மேடு அதன் மேல்தான் நாள் முழுக்க உரசும்.

கிரிப்புக்கும் ஆயுசு உண்டு. பளபளத்து, கெட்டியாகி, கை வழுக்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்த்து அதைவிட விலை கூடிய கையுறையை மாதா மாதம் வாங்குகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்! நடுவில் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வைத்தால் போதும். (கடலைமிட்டாய் தின்ற கையோடு மட்டையைப் பிடிக்காதே என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

கையுறையும் கையும்

வியர்வையில் உப்பு இருக்கிறது. நனைந்த கையுறையைப் பைக்குள்ளேயே சுருட்டிப் போட்டால் உப்பு அங்கேயே காய்ந்து, உள்ளங்கைத் தோல் அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். அடுத்த நாள் மடக்கும்போது வெடிக்கும். வெறும் தண்ணீரில் அலசி, பிழியாமல், காற்றாட நிழலில் போடுங்கள். உச்சி வெயில் ஆகாது. கையுறை மெத்தென்று இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள் சிலர். வழுக்கும், வழுக்கினால் பிள்ளை இன்னும் இறுக்குவான், தேய்வு இரட்டிப்பாகும்.

எண்ணெய் கைக்குத்தான். இரவு படுக்கும்போது உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுங்கள். காய்ப்பு தடித்தால் வெந்நீரில் ஊற வைத்து, பாதம் தேய்க்கிற கல்லால் மெதுவாகத் தேய்த்தால் போதும். பிளேடு கூடவே கூடாது. லேசான காய்ப்பு இருப்பது நல்லது. அது கையின் காவல். மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

கொப்புளம் வந்தால் அதன் மேல்தோலைப் பிய்க்க வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, இரண்டு மூன்று நாள் மட்டையைத் தொடாமல் இருந்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். உடைந்த புண்ணில் காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் கொட்டாதீர்கள். எங்கள் வைத்தியத்தில் மத்தன் தைலம் என்று ஒன்று உண்டு. புண்ணுக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதில் ஊமத்தை இலைச்சாறும் மயில்துத்தமும் சேருகின்றன. வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் மட்டும் தடவுங்கள். சீழ், பரவுகிற சிவப்பு, காய்ச்சல், அக்குளில் நெறி கட்டுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை உள்ள பெரியவர்கள் வார இறுதியில் ஆடுவதானால் ஒரு கொப்புளத்தைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது.

அந்தப் பையன் அடுத்த ஆண்டு தேர்வில் ஜெயித்தான். மேலே ஷாமி கிரிப், வலது கை நழுவுகிற இடத்தில் வழவழப்பான மெல்லிய கிரிப் என்று அவனே சுற்றிக்கொள்கிறான். போன மாசம் அம்மாவும் மகனும் வந்திருந்தார்கள். "இப்பவும் கிழிக்கத்தான்யா செய்றான்" என்று கையுறையை என் மேஜை மேல் வைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கைப் பக்கம் புதுசு மாதிரி இருந்தது. தேய்ந்திருந்தது வெளிப்பக்கம், விரல் முட்டியில். குனிந்து, தரையோடு தரையாக மட்டையைப் படுக்க வைத்துப் பந்தைத் தடுக்கும்போது முட்டி புல்லில் உரசுவதால் வருவது அது.

"இதுக்கு கிரிப்பை மாத்தி ஒண்ணும் ஆகாதும்மா. பையன் நல்லாக் குனிஞ்சு ஆடுறான். தச்சுக் கொடுங்க" என்றேன்.