ஒரே தகவல், நாலு வடிவம்: இங்கிலீஷ் தேர்வுல லெட்டர், நோட்டீஸ், ரிப்போர்ட், ஸ்பீச்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற தம்பி தங்கைகள் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "அண்ணா, லெட்டர் மனப்பாடம் பண்ணிட்டேன். அதே டாபிக்கை ரிப்போர்ட்டா கேட்டா என்ன பண்றது?"

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆபீஸ்ல ஒரு பிரச்சனை வந்தா அதை மூணு தடவை எழுதுவேன். கூட வேலை செய்றவங்களுக்கு பக் ரிப்போர்ட், கிளையன்ட்டுக்கு மெயில், பயன்படுத்துறவங்களுக்கு ரெண்டு வரி அறிவிப்பு. மூணுலயும் நடந்த விஷயம் ஒண்ணுதான். படிக்கிற ஆள் மாறுறாங்க, அதனால எழுத்தும் மாறுது. தேர்வு கேட்கிறதும் இதைத்தான்.

முதல்ல தகவல், அப்புறம் வடிவம்

நம்ம தருமபுரி விஷயத்தையே எடுத்துக்குவோம். இங்க பாறை நிலம். பாறையில இருக்கிற ஃப்ளோரைடு நிலத்தடி நீர்ல கரையுது. குடிநீர்ல லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வருஷக்கணக்கா அதிகமா குடிச்சா பல்லுல கறை படியும், எலும்பும் மூட்டும் பாதிக்கும். இதுக்காகத்தான் ஜப்பானோட ஜைக்கா கடனுதவியில ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு. 2008-ல அடிக்கல், 2013-ல தொடக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணி.

இப்ப ஒரு கற்பனை ஊர். குழாய்த் தண்ணி ரெண்டு வாரமா வரல. ஜனங்க பழைய போர்வெல்லுக்குத் திரும்பிட்டாங்க. அந்தத் தண்ணியைச் சோதிச்சா ஃப்ளோரைடு 3 மில்லிகிராம். இவ்வளவுதான் நம்ம கையில இருக்கிற தகவல். எழுதுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: யார் படிக்கப் போறாங்க? படிச்சிட்டு என்ன செய்யணும்? அதைச் செய்ய அவங்களுக்கு எந்தத் தகவல் வேணும்?

லெட்டர்: படிக்கிறவர் வட்டார வளர்ச்சி அலுவலர். அவர் குழாயைச் சரிபண்ண உத்தரவு போடணும். அதனால எந்த ஊர், எத்தனை நாளா, எத்தனை குடும்பம், என்ன கோரிக்கை, இது நாலும் கட்டாயம். ஃப்ளோரைடு உடம்பை என்ன பண்ணும்னு அவருக்கு ஒரு பக்கம் பாடம் நடத்த வேண்டாம், ஒரு வரி போதும். சப்ஜெக்ட் வரியிலேயே விஷயம் தெரியணும். "வீ ரிக்வெஸ்ட் யூ டு" மாதிரி பணிவா கேளுங்க, ஆனா என்ன வேணும்னு தெளிவா கேளுங்க. தேர்வுத்தாள்ல உங்க நிஜப் பேர் எழுதாதீங்க, கேள்வியில கொடுத்த பேர், முகவரிதான்.

நோட்டீஸ்: படிக்கிறவர் குடத்தோட நிக்கிற அம்மா. அவங்களுக்கு அரை நிமிஷம்தான் நேரம். "டூ நாட் டிரிங்க்"னு நேரடியா சொல்லணும், ஏன்னு ஒரு வரி, மாத்துத் தண்ணி எங்க, எத்தனை மணிக்கு, யாரைக் கேட்கணும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம்: கொதிக்க வெச்சா ஃப்ளோரைடு போகாது. தண்ணி ஆவியாகி மீதி இன்னும் செறிவாத்தான் ஆகும். லெட்டர்ல இந்த வரி இல்லாட்டி ஒண்ணும் கெட்டுப் போகாது. நோட்டீஸ்ல விட்டீங்கன்னா, "காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிடும்"னு நினைச்சு அந்த அம்மா குழந்தைக்கும் கொடுத்துடுவாங்க. எதைச் சேர்க்கணும், எதை விடணும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

ரிப்போர்ட்: அங்க வராத ஒருத்தர் படிச்சுட்டு முடிவெடுக்கப் போறார். தேதி, இடம், என்ன பார்த்தாங்க, என்ன கண்டுபிடிச்சாங்க, இந்த வரிசைதான். இறந்தகாலம். "சாம்பிள்ஸ் வேர் கலெக்டட்" மாதிரி செயப்பாட்டு வினை இங்க பொருந்தும், ஏன்னா யார் எடுத்தாங்கங்கிறதைவிட என்ன கிடைச்சதுங்கிறது முக்கியம். "பயங்கரம்", "கொடுமை" எல்லாம் வேண்டாம். 1.5-க்குப் பதிலா 3-ன்னு எழுதினாலே விஷயம் புரியும்.

ஸ்பீச்: பள்ளி அசெம்பிளியில பேசுறோம். கேட்கிறவங்களால முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. சின்ன வாக்கியம், ஒரு கேள்வி, முக்கியமான வரியை ரெண்டு தடவை. "உங்க பாட்டிக்கு ஏன் முட்டி மடக்க முடியலன்னு யோசிச்சிருக்கீங்களா?"ன்னு ஆரம்பிக்கலாம். இதே வரியை ரிப்போர்ட்ல வெச்சா மார்க் போகும்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுறவங்களுக்கு

ஜெனரல் டிரெய்னிங்ல முதல் கேள்வி லெட்டர், குறைஞ்சது 150 வார்த்தை. ரெண்டாவது கட்டுரை, குறைஞ்சது 250. மொத்தம் ஒரு மணி நேரம். அங்கயும் லெட்டர் ஃப்ரெண்டுக்கா, அதிகாரிக்காங்கிறதை முதல்ல பாருங்க. தொனி தப்பினா இலக்கணம் சரியா இருந்தும் மதிப்பெண் குறையும்.

ஏன் இது மார்க்கைத் தாண்டின விஷயம்

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போய்ப் பாருங்க. மூணு பக்கம் வருத்தத்தைக் கொட்டி, கடைசி வரை என்ன வேணும்னே சொல்லாத மனுக்களும் அங்க வரும். தமிழோ இங்கிலீஷோ, கோரிக்கை முதல் பத்தியில இருந்தா படிக்கிற அதிகாரிக்கு உடனே புரியும். நம்ம வீடுகள்ல முதல்முதலா படிச்ச பிள்ளைங்க கையிலதான் அந்தப் பேனா வரப்போகுது. அஞ்சு மார்க் கேள்வியா படிக்கிற லெட்டர், நாளைக்கு உங்க தெருவுக்குத் தண்ணி கேட்கிற மனு.

இந்த வாரப் பயிற்சி: உங்க ஊர்ப் பிரச்சனை ஒண்ணை எடுத்து ஆறே வரியில தகவல் எழுதுங்க. அதை வெச்சு ஒரு லெட்டர், ஒரு நோட்டீஸ். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எந்த வரி ரெண்டுலயும் அப்படியே இருக்குன்னு பாருங்க. நிறைய வரி ஒண்ணா இருந்தா, நோட்டீஸைத் திரும்ப எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சம்மரி, நோட் மேக்கிங் பத்திப் பேசலாம்.