வண்டிக் கணக்கு – 7: வேகத்துக்கு ஆயிரம், மாட்டுக்கு ஆறாயிரம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர் ஒருவர். அவர் காரில் வேகமுள் அறுபதைத் தாண்டியதே இல்லை. இன்னொருவர் ஞாயிறு விடியலில் அக்கரையில் கிளம்பி, கோவளம், திருவிடந்தை எதையும் கண்ணில் படவிடாமல் ஈசிஆரில் பறந்துவந்து, மாமல்லபுரத்தில் டீ குடிப்பவர். இருவரிடமும் இருப்பது ஒரே ரகக் கார், 1200 சி.சி. கட்டாயமான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸுக்கு, 2022 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த பட்டியல்படி, இருவருக்கும் ஆண்டுக்கு ரூ.3,416, வரி தனி. மத்திய அரசு நிர்ணயிக்கும் இந்தத் தொகை எஞ்சினின் அளவைப் பார்க்கும். ஓட்டுகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று பார்க்காது.

‘கேஸ் போட்டுட்டாங்க, ஃபைனும் கட்டிட்டேன். அடுத்த வருஷம் இன்சூரன்ஸ் ஏறுமா?’ என்று கேட்பவர்களுக்குப் பதில், இப்போதைக்கு ஏறாது என்பதுதான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் புதிய அபராதங்களைத் தமிழ்நாடு 2022 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது. முதல்முறை அதிவேகத்துக்கு ரூ.1,000, குடித்துவிட்டு ஓட்டினால் ரூ.10,000. பணத்தைக் கட்டியதும் போலீஸ் கணக்கு முடிந்துவிடும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது யாரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

பிரீமியத்தை ஏற்றுவது கிளைம்தான். ஃபுல் கவர் எடுத்தவர் ஐந்து ஆண்டு கிளைம் எதுவும் கேட்காவிட்டால், சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. நம் அறுபது கிலோமீட்டர்க்காரருக்கு அந்தப் பகுதி ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம், கட்டுவது ஆறாயிரம். ஒருநாள் இருட்டில் திருக்கழுக்குன்றம் சாலையில் மாடு குறுக்கே வந்து பம்பர் போகிறது. ஐயாயிரம் ரூபாய் வேலைக்கு அவர் கிளைம் போட்டால் தள்ளுபடி பூஜ்யத்துக்கு இறங்கி, அடுத்த ஆண்டு ஆறாயிரம் கூடுதலாகக் கட்ட வேண்டும். மறுபடி ஐம்பது சதவீதத்துக்கு ஏற ஐந்து ஆண்டு பிடிக்கும். ஈசிஆர்க்காரர் எங்கும் மோதாதவரை அவருடைய பாதித் தள்ளுபடி பத்திரமாக இருக்கும், எத்தனை அபராதச் சீட்டு வந்திருந்தாலும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. (சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போடாதீர்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.)

மோதிவிட்டால் கதை வேறு. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் நடைபாதையில் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டியவர் குடித்திருந்தார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கிளைமை மறுத்தது. ஆனால் அவருக்கு ஊதுகருவிச் சோதனை நடக்கவில்லை. அதனால் கம்பெனி தப்ப முடியாது என்று கார் உரிமையாளர் தரப்பில் வாதிட்டார்கள். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மருத்துவர் பதிவு செய்த மது வாடையும் விபத்து நடந்த விதமும் போதும் என்று கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது.

லைசென்ஸ் இல்லாத மகன் அப்பாவின் காரை எடுத்துப்போய், தேவனேரி பக்கம் மீன்கூடையோடு டிவிஎஸ் 50-இல் வருகிறவரை இடித்துவிட்டால்? அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால், வண்டியைக் கொடுத்தது அப்பாவின் தவறு என்று நிரூபணமானால், கொடுத்த தொகையைக் கம்பெனி அவரிடமே வசூலித்துக்கொள்ளலாம்; 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துச் சொன்ன வழி இது. மகன் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால், 2019 திருத்தத்தின்படி அப்பாவுக்கு ரூ.25,000 அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் காத்திருக்கின்றன. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்து.

சில வெளிநாடுகளில் பிரீமியம் ஏற மோதும்வரை போக வேண்டியதில்லை. பிரிட்டனில் லைசென்ஸில் ஏறிய தண்டனைப் புள்ளிகளைக் கேட்டுத்தான் கம்பெனிகள் விலை சொல்லும். சிங்கப்பூரிலோ போக்குவரத்துக் குற்றப்புள்ளி இல்லாதவருக்கு, கிளைம் போடாததற்கான தள்ளுபடி போக ஐந்து சதவீதம் கூடுதல் தள்ளுபடி உண்டு. இங்கேயும் ஒரு யோசனை வந்தது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அமைத்த குழு, 2021 ஜனவரியில் வெளியான அறிக்கையில் ‘போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்’ என்று தனிப்பகுதி சேர்க்கச் சொன்னது. குடித்து ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் நிறுத்தினால் 10. இருபது புள்ளிக்குக் கீழ் இருந்தால் கூடுதல் கட்டணம் இல்லை. அதற்கு மேல் கார்களுக்கு ரூ.300-இலிருந்து ரூ.1,500 வரை. டெல்லியில் சோதித்துப் பார்ப்பது திட்டம்.

அதில் ஒரு முடிச்சு இருந்தது. புள்ளிகள் ஓட்டியவர் பேரில் ஏறாது, வண்டியின் பேரில் ஏறும். கட்ட வேண்டியவர் ஆர்.சி. புக்கில் பெயர் உள்ளவர். மாமல்லபுரத்தில் கல்யாணம் என்று ஆக்டிங் டிரைவர் போட்டு வருகிறீர்கள். அவர் முட்டுக்காட்டில் காட்டிய வேகத்துக்கு அடுத்த ஆண்டு பணம் கட்டுவது நீங்கள். வண்டி கைமாறினால், வாங்கியவருக்குப் புள்ளிக்கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்றது அறிக்கை. இதற்கு நேர்மாறாக, கிளைம் போடாததற்கான தள்ளுபடி இன்றைக்கும் ஆளோடு போகிறது: பழைய காரை விற்றால் கம்பெனியிடம் சான்று வாங்கிப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்திருந்தால் நம் ஞாயிற்றுக்கிழமைக்காரர் புள்ளிகளைப் பழைய காரோடு விற்றுவிட்டு, தள்ளுபடியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போயிருப்பார்.

(தொடரும்)